அந்த நிலாவின் மேகமும் அம்மாவின் மூக்கும்

அன்புள்ள அக்கா,

இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே உண்மையாக எழுதுவேன், அதற்குச் சம்மதம் என்றால்தான் பேனாவை எடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு அம்மா, "கடுதாசி எழுதச் சொன்னா வக்கீல் மாதிரி நிபந்தனை போடறா பாரு" என்று அலுத்துக்கொண்டாள், இதோ அதையும் எழுதிவிட்டேன். இனி அம்மா சொன்ன தொடக்கம்: நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் சுகம் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்கள் சுகம் முழுசாகும். அதற்கு மேல் கடிதம் ஒழுங்கு முறைப்படி போக வேண்டும், காரணத்தை முதலிலும் முடிவைக் கடைசியிலும் வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், அம்மா கேட்கவில்லை. விஷயத்தை முதல் பக்கத்திலேயே போடு, அவள் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்கிறாள். ஆகவே விஷயம் இதுதான். வாயு கசிந்தால் கத்துகிற அந்தக் கருவி பழுது பார்த்துத் திரும்பி வரும்வரை நீ அந்த ஆய்வு அறைக்குள் இருக்கக் கூடாது. இதைப் படிக்கும்போது உள்ளே இருந்தால், வெளியே வந்து மீதியைப் படி. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன், காகிதம் தபாலில் பின்னால் வரும். நேற்றிலிருந்து அம்மா எத்தனை முறை கூப்பிட்டாள் என்று உனக்கே தெரியும். ஒரு முறை எடுத்தாய், முக்கியமான சோதனை ஓடுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். நான் அனுப்பிய செய்தியை நீ இன்னும் பார்க்கவே இல்லை. கையால் எழுதியதைக் கண்டால் மட்டும் அவள் தள்ளிவைக்க மாட்டாள் என்று அம்மா சொல்கிறாள்.

சுகம் என்று மேலே எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு. அம்மாவின் வலது உள்ளங்கையில் தையல் போட்டுக் கட்டுக் கட்டியிருக்கிறது, அதனால்தான் என்னை எழுதச் சொல்கிறாள். சின்னக் கீறல் என்று எழுதச் சொன்னாள், அது கீறல் இல்லை, வெட்டு. அந்தக் கை எப்படி வெட்டுப்பட்டது என்பதில்தான் இந்தக் கடிதமே தொடங்குகிறது. முந்தாநாள் அம்மா வேலை பார்க்கும் பேக்கரியின் சரக்கு அறையில் மேல் அலமாரியிலிருந்து பாதாம் எசன்ஸின் பெரிய புட்டி விழுந்து உடைந்தது. கேக்குக்குச் சொட்டுச் சொட்டாக விடுகிற சரக்கு, மொத்தமாகத் தரையில் ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். மாஸ்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினாராம், மாவு பிசைகிறவர்கள் ஓடினார்களாம், கல்லாவில் இருக்கும் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாளாம். அம்மா மட்டும் உள்ளே குந்தி உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கை வெட்டியது. ரத்தத்தோடு வாசலுக்கு வந்து, எல்லாரும் ஏன் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி வெளியே நிற்கிறீர்கள், ஒரு துணி கொண்டு வந்து தரக்கூடாதா என்று கேட்டாளாம். அதற்கு மாஸ்டர், "ஏம்மா, உன் மூக்கு என்ன மூஞ்சிக்கு அழகுக்கு வச்சதா?" என்றாராம். ஒரு வாசனையும் இல்லையே என்று அம்மா சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. துணியில் நனைத்து மூக்கின் கீழே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. தீயப்போகிற ரொட்டியை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிப்பது அம்மாதான், அதனால் இந்த ஒரு வாசனை மட்டும் அவளுக்கு இல்லை என்பது இத்தனை வருடமாக அவளுக்கே தெரியாது. பாதாம் வாசனை என்பது ரொம்ப லேசானது போலிருக்கிறது, பெரிய மனிதர்கள்தான் அதை ரசிப்பார்கள் என்று நினைத்திருந்தாளாம். அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அப்பாவும் நானும் சிரித்தோம்.

அதே நாள் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உன் வேலையைப் பற்றி அம்மா எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டாள், நீயும் பொறுமையாகச் சொன்னாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக் கோளைச் சுற்றும் பெரிய நிலா டைட்டன், அதற்கு நம் காற்றைவிடக் கனமான காற்று உண்டு, அங்கே தண்ணீருக்குப் பதிலாக மீத்தேன் மழையாகப் பெய்கிறது, அந்த மழைத்துளி பெரிதாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கும் என்றாய். அம்மா, உன்னைப் பள்ளிக்குக் கிளப்பிய காலையெல்லாம் ஞாபகம் வருகிறது என்றாள். அங்கே ஒரு பருவம் ஏழு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்றதும், ஏழு வருடம் மழைக்காலம் என்றால் துணி எப்படிக் காயும் என்று கவலைப்பட்டாள். மழை எல்லா இடத்திலும் பெய்யாது, அங்கே துணியும் இல்லை என்று நீ சிரித்தாய். பிறகு உன்னுடைய மேகத்தைப் பற்றிச் சொன்னாய். அந்த நிலாவின் துருவத்தில் குளிர்காலம் வரும்போது, தரையிலிருந்து முன்னூறு கிலோமீட்டர் உயரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு மேகம் தெரிந்தது, அது தண்ணீரும் இல்லை மீத்தேனும் இல்லை, ஹைட்ரஜன் சயனைடு உறைந்து பனித்துகளாக நிற்கிறது, வெயில் மேலே உள்ள மீத்தேனையும் நைட்ரஜனையும் உடைத்து உடைத்து அதைச் செய்கிறது என்றாய். அதே மேகத்தை நீ ஒரு இரும்புக் கலத்துக்குள், தடித்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி, குளிரவைத்துக் கட்டப் பார்க்கிறாய், மாதக்கணக்காகக் கட்டவே மாட்டேன் என்கிறது என்றாய். அம்மாவுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. அது விஷம் இல்லையா என்று கேட்டாள். ரொம்பக் கொஞ்சம்தான் உண்டாகும், கசிந்தால் சுவரில் ஒரு கருவி கத்தும், அது இப்போது சரிபார்க்கப் போயிருக்கிறது, பல குழுக்கள் முறைவைத்து எடுக்கிற கலம் எங்கள் முறைக்கு வந்த நேரத்தில் அதற்காகக் காத்திருக்க முடியாது என்று நீ சொன்னாய். பிறகு சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "பயப்படாதேம்மா, கசிஞ்சா பாதாம் வாசனை வரும். மூக்கு இருக்கில்ல?" என்றாய். அம்மாவும் சரி சரி என்றாள். அவள் மனது அப்போது உன் தலைவலியில் இருந்தது. கலத்தை ஓட்டுகிற நாளில் மட்டும் தலை வலிக்கிறது என்று நீ போகிற போக்கில் சொல்லியிருந்தாய். வேளைக்குச் சாப்பிடாததுதான் காரணம், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, ஜன்னலைத் திறந்து வை என்று பத்து விதமாகச் சொல்லிப் போனை வைத்தாள். தூங்கவும் தூங்கினாள்.

மறுநாள் வேலை பாதியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா அப்படி வரவே மாட்டாள் என்பது உனக்குத் தெரியும், காய்ச்சலோடு கூட முழு நேரமும் நின்றுவிட்டுத்தான் வருவாள். இப்போது ஒரு கையால் முடிகிற வேலை என்று பன்களுக்கு விலைச்சீட்டு ஒட்டக் கொடுத்திருக்கிறார்கள், அதை ஒட்டிக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று இரண்டும் ஒன்றாக ஞாபகம் வந்ததாம். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, "சின்னவளே, அக்கா சொன்ன அந்த விஷத்துக்கு என்ன வாசனைன்னு சொன்னா?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் அக்கா என் வயிற்றில் பிறந்தவள், முகம் அப்பா முகம், ஆனால் கண், காது, நடை எல்லாம் என்னுடையது, மூக்கு மட்டும் வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்றாள். நான் இன்று பள்ளி நூலகத்தில் கலைக்களஞ்சியத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வாயுவின் வாசனை சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது, குடும்பத்தில் வழிவழியாக வரலாம், ஆனால் அது எப்படி வருகிறது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை என்று போட்டிருக்கிறது. வேதியியல் டீச்சரிடமும் கேட்டேன். உண்மையாக எழுதுவதாகச் சொன்னதால் டீச்சர் சொன்னதை முழுதாக எழுதுகிறேன், அது அம்மாவின் கட்சிக்குப் பாதிதான் துணை. எசன்ஸ் வேறு பொருள், அந்த வாயு வேறு பொருள், இரண்டும் வாசனையில் கிட்டக் கிட்ட இருந்தாலும் ஒன்று தெரியாதவருக்கு மற்றதும் தெரியாது என்று சொல்ல முடியாதாம். "தெரியும்னும் சொல்ல முடியாதும்மா. அதுவும் இல்லாம, நல்ல மூக்கையே அந்த விஷயத்துல நம்பக் கூடாது" என்றும் டீச்சர் சொன்னார். இதை அம்மாவிடம் சொன்னதும் பின்பாதியை மட்டும் எழுது என்றாள். நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன், எந்தப் பாதியைப் படித்தாலும் நீ வெளியேதான் வர வேண்டும்.

அம்மாவிடம் வேறொரு சாட்சியும் இருக்கிறது. என் பிறந்த நாளுக்கு ஒரு முறை அம்மா வீட்டிலேயே கேக் செய்தது நினைவிருக்கிறதா? எசன்ஸ் விட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாம் தடவையும், அந்தச் சந்தேகமும் தீராமல் மூன்றாம் தடவையும் விட்டிருக்கிறாள். வாசனை தெரிந்தவர் கிண்ணத்தை முகர்ந்தே பார்த்திருப்பார், அம்மாவுக்கு அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் பயன் இல்லை. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் குடித்த மாதிரி இருக்கிறது என்றார். மாடி வீட்டு மாமி கைக்குட்டையில் துப்பினார். நான் பிறந்த நாளும் அதுவுமாக அழுதேன். அதை மூன்று நாள் வைத்து முழுதாகத் தின்று தீர்த்தது அம்மாவும் நீயும்தான். உங்கள் எல்லாருக்கும் நாக்கு நீளம் என்று எங்களைத் திட்டினாய். அப்போது அது ஒரு கேலிக் கதை, இப்போது அம்மா அதை நினைத்து நினைத்து உள்ளேயும் வெளியேயும் நடக்கிறாள்.

இந்த இடத்தில் அப்பா டிப்போவிலிருந்து வந்துவிட்டார். புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து அவருக்குப் படிகள் ஆழமாகத் தெரிகின்றன, அதனால் ஏறி வர நேரமாகிறது, அது ஒன்றும் கவலை இல்லை, பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மேல் தொட்டி ஒழுகுவதை அடைத்தாயிற்று. எனக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. இந்த வீட்டுச் செய்தியெல்லாம் இல்லாவிட்டால் கடிதமே பயமுறுத்துகிற மாதிரி இருக்கும் என்று அம்மாதான் இங்கே போடச் சொன்னாள். அப்பா இதுவரை எழுதியதை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, இதை அனுப்பாதே என்றார். கேக் கதை வரை மூன்று பக்கத்தையும் அனுப்பியாயிற்று என்றேன். அப்பாவும் அம்மாவும் கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டார்கள், சத்தமாக இல்லை. அந்தக் கலம் அவள் முறைக்கு வர எத்தனை நாள் காத்திருந்தாள், இப்போது நிறுத்தினால் அடுத்த குழுவுக்குப் போய்விடும், ஒரு வருடம் வீணாகும், படிப்பு முடிவதே தள்ளிப்போகும், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேக்கை வைத்து அவளைக் கலங்கடிக்கலாமா என்பது அப்பாவின் கட்சி. அவள் படித்தவள், அவளுக்குத் தெரியாதா என்றார். அம்மா, "படிச்சது அவ தலை. மூக்கு என்கிட்ட வாங்கினது" என்றாள். அதற்குப் பிறகு அப்பாவும் சட்டையைக் கழற்றாமல் போனுக்கு எதிரே உட்கார்ந்தார். நீ பக்கங்களைப் பார்த்ததற்கான குறி விழுகிறதா என்று என்னை ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டது அவர்தான், இதை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

குறி விழுந்தது, பிறகு நீ கூப்பிட்டாய். அடுத்து நடந்ததில் பாதி உனக்கே தெரியும், ஆனால் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். உன் பின்னால் பம்பின் இரைச்சல் கேட்டது, அதிலிருந்தே நீ இன்னும் உள்ளே இருக்கிறாய் என்று தெரிந்து அம்மா கட்டுப்போட்ட கையாலேயே மேசையைப் பிடித்துக்கொண்டாள். நீ கோபமாகப் பேசுவாய் என்று நினைத்தோம். நீ மெதுவாக, அந்தக் கேக்கில் நிஜமாகவே அவ்வளவு வாசனை இருந்ததா என்று கேட்டாய். இருந்தது என்று அப்பாதான் சொன்னார். அப்புறம் நீ எங்களிடம் பேசவில்லை, உன்னோடு வேலை பார்க்கிற அந்தக் குட்டைமுடிக்காரியிடம், இங்கே உனக்கு ஏதாவது வாசனை வருகிறதா என்று கேட்டாய். அவள் தூரத்திலிருந்து சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "நேத்தே சொன்னேனே. நீதான் ஒண்ணும் இல்லைன்னே" என்றாள்.

அக்கா, பிறகு நீ அவளை வெளியே போ, உடனே போ என்று சொன்னதும், ஏதோ திருகுகிற சத்தமும், பம்பின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நின்றதும் கேட்டன. அம்மா போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நீயும் போடி. போனை வைக்காதே, பேசிக்கிட்டே போ" என்றாள். நீ போகவில்லை. கலத்தின் கண்ணாடி ஜன்னல் கிட்டே நிற்கிறேன் என்றாய். "அம்மா, மேகம் இப்பதான்மா கட்ட ஆரம்பிச்சிருக்கு. வெள்ளையா, நூல் மாதிரி. இப்ப விட்டா எல்லாம் கரைஞ்சிடும்" என்றாய். நீ அழுதாயா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அதனால் அழுதாய் என்று எழுதவில்லை. கலத்தை விட்டுப் போவதன் விலை என்ன என்று அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவர் அப்பா. அவர் முன்னால் குனிந்து, "கண்ணு, கரையட்டும். நீ வா" என்றார், அவ்வளவுதான். உன் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு, பிறகு இன்னொரு கதவு. படிகள். அப்புறம் ஒரு வண்டி போகிற சத்தமும் காற்று போனில் உரசுகிற சத்தமும் கேட்டதும், அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலை வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றாய். முதல் முறையாக, ஒன்றும் இல்லைம்மா என்று சொல்லவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்லச் சொல்கிறாள்.

நீ மருத்துவமனைக்குப் போகும் வழியில் இருப்பதால் இனி அம்மா சொன்னதைச் சுருக்கமாக எழுதி முடிக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் சோதித்து, டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும். கூச்சப்படாமல் எந்த வாயு என்று பெயரைச் சொல்ல வேண்டும். இன்று ராத்திரி தனியாகப் படுக்கக் கூடாது, அந்தக் குட்டைமுடிப் பெண்ணைக் கூட வைத்துக்கொள், அவளுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு இடம் உண்டு என்று சொல். நேற்று அவள் சொன்னதை நீ தட்டியதற்காக அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிடு, பெரியவளாக இருந்தால் அதையும் செய்ய வேண்டும். மேகத்தைப் பற்றி அம்மா சொன்னது இது, நான் திருத்தவில்லை: அங்கே ஒரு பருவமே ஏழு வருடம் இருக்கிறதாமே, அந்த நிலாவுக்கு ஒன்றும் அவசரம் இல்லை, நீயும் அவசரப்படாதே, ஒரு முறை கட்டத் தெரிந்த கைக்கு இன்னொரு முறையும் கட்டும். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த ஒரு வருடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அப்பா இதைக் கேட்டுத் தலையாட்டினார். நீ நெடுங்காலம் நோய்நொடி இல்லாமல், நல்ல காற்றில், நிறைந்த மனதோடு இருக்க வேண்டும் என்று இருவரும் ஆசீர்வதிக்கிறார்கள். மறக்க வேண்டாம் என்று அம்மா சொல்வது ஒன்றே ஒன்று: இனி எந்த அறைக்குள் போனாலும், எனக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்கலாம் என்பதை உள்ளே நுழையும்போதே மற்றவர்களுக்குச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோணலாக இருக்கிறது, ஆனால் அவளுடையதுதான்)

இதை மடிப்பதற்குள் உன் செய்தி வந்தது. இரண்டு பேருக்கும் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் காலைவரை வைத்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பாதுகாப்பு அதிகாரி முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய், பம்பின் பின்னால் குழாய் சேருமிடத்தில் கசிவைக் கண்டுபிடித்தார், கலத்தில் மேகம் இல்லை, அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். அறைக்குள் யாரும் இல்லையே, நிச்சயமாக இல்லையே என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். நீ பதில் அனுப்பினாய், அதை அப்படியே எழுதி முடிக்கிறேன்: உள்ளே யாரும் இல்லை, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.